பி.எஸ்.ஏ.யில் கந்தோர் போவது

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தினமும் ஓடுகிற வண்டியாக்கப் போகிறீர்கள் என்றால் முதல் காசை பிறேக்குக்குச் செலவழியுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எல்லாரும் முதலில் டாங்கியைக் கழற்றிப் பெயின்ற் அடிக்கக் கொடுக்கிறார்கள், பிறகு குரோம், பிறகு சைலன்சர். கடைசியில் கையில் காசு முடிந்து, எழுபது வருஷத்துக்கு முந்திய பிறேக்கோடு கொழும்பின் காலி வீதிக்கு வந்து, முன்னால் போகிற 100ஆம் இலக்க பஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஓரம் கட்டும்போதுதான் தாங்கள் எதில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியவருகிறது.

என்னுடையது 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்த பி.எஸ்.ஏ. பி31. ஒற்றைச் சிலிண்டர், 348 சிசி, சிலிண்டரின் குறுக்களவு (போர்) 71 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 88. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குகிற எஞ்சின் என்பதால் வேகம் பெரிதாக இல்லை, 17 குதிரைவலுதான். ஆனால் குறைந்த வேகத்தில் இழுக்கிற இழுவை இருக்கிறதே, பம்பலப்பிட்டி சந்தியில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போக இதைவிட நல்ல எஞ்சினை நான் கண்டதில்லை. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்துச் சின்னத்துரையிடமிருந்து வாங்கிய வண்டி. 83 ஜூலைக் கலவரத்தில் மாமா வீட்டு வாசலில் நின்ற கார் எரிந்தது. பி.எஸ்.ஏ. அந்த நேரம் எஞ்சின் வேலைக்காக வேறோர் இடத்தில் கழற்றிக் கிடந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு பல வருஷம் அது ஓடவில்லை, சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது.

அதைத் தினமும் ஓட்டும் யோசனை வந்ததற்குக் காரணம் 2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய வருஷம், பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஜனங்கள் இரவிரவாகப் படுத்துக் கிடந்த வருஷம். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். பி31 டவுனுக்குள் லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் போகும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வாரம் கந்தோர் போய் வர அந்த 4 லீற்றர் போதும். புது வண்டி வாங்கலாம் என்றால் 2020இலிருந்து வாகன இறக்குமதி தடை, சந்தையில் நின்ற பழைய ஜப்பான் வண்டிகளுக்கே தங்க விலை. சரி, வீட்டில் நிற்கிறதை எடுப்போம் என்று முடிவு செய்தேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மாமாவுக்குச் சொல்லிவிட்டேன்: சட்டகத்தில் ஒரு இடமும் வெட்டமாட்டேன், ஒரு ஓட்டையும் புதிதாகத் துளைக்கமாட்டேன், வெல்டிங் பொறி ஒன்றும் அதில் படாது. எதைச் சேர்த்தாலும் போல்ட்டைக் கழற்றினால் வண்டி 1953க்குத் திரும்பிவிட வேண்டும். கழற்றிய பழைய சாமான் எல்லாம் எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி மேல்தட்டில் இருக்கிறது. விண்டேஜ் வண்டிக்காரர்கள் சிலர் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள், ஒரிஜினலைக் கெடுத்துவிட்டான் என்று. அவர்களுடைய வண்டிகள் வருஷத்தில் இரண்டு தரம் லொறியில் ஏறி கண்காட்சிக்குப் போய் லொறியில் திரும்பி வருகின்றன. அது அவர்கள் இஷ்டம்.

பிறேக்குக்கு வருவோம். பி31இன் முன் பிறேக் 7 அங்குல டிரம், அதாவது சில்லோடு சுற்றுகிற ஒரு வட்டக் கூட்டின் உள்பக்கத்தை லைனிங் ஒட்டிய ஷூக்கள் அழுத்தி நிறுத்துகிற வகை. அது மோசமான பிறேக் என்று எல்லாரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு டிஸ்க் மாட்டப் பார்ப்பார்கள். உண்மையில் நம்மிடம் வருகிற பழைய டிரம் எதுவும் அது செய்யப்பட்ட நிலையில் இருப்பதில்லை. சில்லுக் கம்பிகளை இறுக்கி இறுக்கி டிரம் வட்டம் கெட்டிருக்கும். லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கும். கேபிள் உறை நசிந்து, லீவரைப் பிடித்தால் பாதி பலம் கேபிள் சுருங்குவதிலேயே போய்விடும். கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு லேத் கடையில், சில்லைக் கம்பிகளோடு, றிம்மோடு, அப்படியே லேத்தில் ஏற்றி டிரம்மின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்தோம். டிரம்மைத் தனியாகக் கழற்றிச் சுரண்டினால் பிரயோசனம் இல்லை, மறுபடி கம்பி கட்டி இறுக்கும்போது அது மறுபடியும் நெளியும். பிறகு பிறேக் ஷூவில் கொஞ்சம் தடித்த லைனிங் ஒட்டி, ஷூவைப் பிளேற்றோடு லேத்தில் போட்டு, டிரம்மின் வளைவுக்குச் சரியாக வரும்வரை கடைந்தோம். லைனிங் முழுநீளத்துக்கும் டிரம்மைத் தொட வேண்டும், நுனி மட்டும் தொட்டால் அலறுமே தவிர நிற்காது.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒரு விஷயம், டிரம்முக்கு வெளியே கேபிள் பிடித்து இழுக்கிற அந்தச் சின்னக் கை. பிறேக் பிடித்த நிலையில் அந்தக் கைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஏறக்குறைய செங்கோணம் இருக்க வேண்டும். என் வண்டியில் அது கேபிளோடு ஒரே கோட்டில் படுத்துக் கிடந்தது. எவ்வளவு இழுத்தாலும் கை திரும்பாமல் கேபிள்தான் விறைக்கும். கையைக் கழற்றிச் சரியான கோணத்தில் திருப்பிப் போட்டதோடு பிறேக்கில் பாதி வேலை முடிந்துவிட்டது, செலவு ஒரு சதமும் இல்லை.

பழைய லைனிங்கைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். கராஜில் எயார் பைப்பை எடுத்து டிரம்முக்குள் புஸ்ஸென்று அடித்துத் தூசி பறக்கவிடுகிற பழக்கம் இங்கே எல்லா இடத்திலும் உண்டு. தயவுசெய்து ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இதுதான் எனக்கு அதிக நாள் பிடித்த வேலை, அதிகம் ரசித்துச் செய்ததும் இதுதான்.

இந்த வண்டியில் மின்சாரம் இரண்டு தனித்தனிப் பெட்டிகள். பிளக்குக்கு நெருப்புக் கொடுப்பது மெக்னெட்டோ, அதற்குப் பற்றரி தேவையில்லை. விளக்குக்கும் ஹோர்னுக்கும் கரண்ட் கொடுப்பது அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிற டைனமோ. இரண்டும் சேர்ந்ததைத்தான் மெக்டைனோ என்பார்கள், லூக்காஸ் கம்பெனி செய்தது. டைனமோ 6 வோல்ட், 60 வொட். நாற்பதுகளின் கிராமத்து றோட்டுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். மழை நாளில், இரவில், எதிரே வருகிற எல்லா ஓட்டோவிலும் நீலமும் வெள்ளையுமாக எல்.ஈ.டி. எரிகிற தெகிவளைப் பாலத்தடியில், 6 வோல்ட் ஹெட்லைட் உங்களுக்கு றோட்டைக் காட்டாது, உங்களை மற்றவர்களுக்கும் காட்டாது.

பலரும் இதற்காக டைனமோவைத் தூக்கிப்போட்டு வேறு வண்டியின் ஆல்ற்றனேற்றரை மாட்டப் பார்க்கிறார்கள். தேவையில்லை. பழைய டைனமோவின் வோல்ட்டைத் தீர்மானிப்பது அதற்கு வெளியே இருக்கிற ரெகுலேற்றர்தான். காந்தச் சுருளுக்குக் கொடுக்கிற கரண்டைக் கூட்டிக் குறைத்து அது 6 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அதிர்கிற பழைய பெட்டியை எடுத்துவிட்டு, 12 வோல்ட்டுக்கென்று செய்த எலெக்ட்ரோனிக் ரெகுலேற்றரை மாட்டினால் அதே டைனமோ, ஒரு சுற்றும் மாற்றாமல், 12 வோல்ட் தரும். சிக்கல் எங்கே என்றால், 12 வோல்ட்டை எட்ட எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆகவே ட்ராபிக்கில் நிற்கும்போது சார்ஜ் ஏறாது. இங்கேதான் எல்.ஈ.டி. காப்பாற்றுகிறது. ஹெட்லைட், பின்விளக்கு, சிக்னல் எல்லாவற்றையும் எல்.ஈ.டி.யாக்கினால் மொத்தச் செலவு பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று தின்கிற அளவுக்குள் வந்துவிடும், சிவப்பு விளக்கில் நிற்கிற நேரத்தைச் சின்னப் பற்றரி ஒன்றே சமாளிக்கும். 12 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்குக் கரண்டும் பாதியாகிவிடுவதால் வயரில் வீணாவதும் குறைவு.

இன்னொன்று, அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பற்றரியின் பொசிற்றிவ்தான் சட்டகத்தில் கட்டியிருக்கும். இப்போது வருகிற எல்.ஈ.டி. சாமான்கள் எல்லாம் நெகற்றிவ் எர்த் என்று நினைத்துச் செய்தவை. டைனமோவை எதிர்த்திசைக்குப் பழக்க ஒரு வேலை இருக்கிறது. ரெகுலேற்றருக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பற்றரியின் நெகற்றிவ்வைச் சட்டகத்தில் கட்டி, பொசிற்றிவ்விலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவில் எஃப் என்று எழுதியிருக்கிற முனையில் ஒரு செக்கன், இரண்டு செக்கன் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சின்னதாக ஒரு பொறி தட்டும். உள்ளே இரும்பில் மிச்சமிருக்கிற காந்தம் திசை மாறிவிடும், அவ்வளவுதான். ஹெட்லைட்டின் தலையில் இருக்கிற அம்மீற்றர் மட்டும் அதற்குப் பிறகு தலைகீழாகக் காட்டும், சார்ஜ் ஏறும்போது இறங்குகிறது என்று பயமுறுத்தும். அதன் பின்னால் இருக்கிற இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரி.

விளக்குக் கூட்டை நான் தொடவில்லை. 7 அங்குலக் கூடு, பழைய ஜீப்புக்கும் லொறிக்கும் வருகிற அதே அளவு. பழைய றிஃப்ளெக்டருக்குள் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும், றோட்டில் விழாது. ஆகவே கண்ணாடியும் றிஃப்ளெக்டருமாக ஒரு புது உள்ளீட்டை வாங்கிப் பழைய வளையத்துக்குள் உட்கார வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மெக்னெட்டோ தனிக் கதை. வண்டி காலையில் ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ராஜா மாதிரி வரும். சிவப்பு விளக்கில் நின்று ஓய்ந்தால் அதற்குப் பிறகு எத்தனை உதைத்தாலும் இருமக்கூட இருமாது, வேர்த்து விறுவிறுத்து ஓரத்தில் தள்ளிக்கொண்டுபோய் நிழலில் அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஒரு உதையில் ஸ்டார்ட். பெற்றோல் சூடாகி ஆவியாகிறது என்றார்கள், கொயில் என்றார்கள், ஒருவர் கண்ணூறு என்றுகூடச் சொன்னார்.

கண்டுபிடித்தது கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணை. யாழ்ப்பாணத்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் அங்கே பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தில் தொழில் பழகியவர். பிளக்கைக் கழற்றி ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் ஆக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற வித்தையைக் கண்ட கை. அவர் எஞ்சின் சூட்டோடு பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலையில் வைத்து, கிக்கரை உதைக்கச் சொன்னார். நெருப்பு வந்தது, ஆனால் மெலிந்து, மஞ்சளாக.

“தம்பி, கண்டென்சர். பெற்றோல்ல ஒண்டுமில்லை. சூட்டுக்கு ஒழுகுது.”

“மாத்த ஏலுமோ அண்ணை?”

“ஏலும். ஆனா அது ஆர்மேச்சருக்குள்ள கிடக்குது. முழுசாக் கழட்டோணும். கழட்டினா ஒரேயடியா சுத்தையும் பாத்துவிடும், பிறகு பிறகெண்டு என்னட்ட கொண்டு வராதையும்.”

விளக்கம் இதுதான். ஆர்மேச்சர் என்பது மெக்னெட்டோவுக்குள் சுற்றுகிற சுருள். கரண்டைத் துண்டிக்கிற பொயின்ற் திறக்கும் நொடியில் அங்கே பொறி தட்டாமல் தடுத்து, சுருளில் இருக்கிற காந்தப்புலம் சட்டென்று சரியும்படி செய்வது கண்டென்சரின் வேலை. அது பழுதாகிக் கசிந்தால் புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் நெருப்பு மெலியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்னெட்டோ வேகமாகச் சுற்றுவதால் குறை தெரியாது. காலால் உதைக்கும்போது அது மெதுவாகத்தானே சுற்றும், அப்போது சூடும் சேர்ந்துகொண்டால் நெருப்பே இல்லை. கொழும்பு வெயிலில், காற்றே படாமல் ட்ராபிக்கில் நிற்கிற வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற மெக்னெட்டோவுக்கு எவ்வளவு சூடு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

கழற்றிப் பார்த்தபோது அண்ணை சொன்னது சரி. சுருளின் மேல் பூசியிருந்த அரக்கு சூட்டில் உருகி, ஆர்மேச்சர் எல்லாம் பிசுபிசுத்துப் போயிருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது. முழுவதையும் புதிதாகச் சுற்றி, அரக்குக்குப் பதிலாக எபொக்சி ஊற்றி, கண்டென்சரை உள்ளே வைக்காமல் பொயின்ற் பக்கத்தில் சின்னதாக ஒன்றை வைத்தோம். அடுத்த தரம் பழுதானால் ஒரு ஸ்குரூட்றைவர் போதும். வெளியில் தெரியாத இந்த மாற்றம்தான் இந்த வண்டியைத் தினவண்டி ஆக்கியது என்று நான் சொல்வேன். எங்கே நின்றாலும் மறுபடி கிளம்பும் என்ற நம்பிக்கை இல்லாத வண்டியில் யாரும் கந்தோருக்குப் போக முடியாது.

சாமான் தேடுகிற விஷயம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்று ஒரு பேச்சு. ஜப்பான் வண்டிக்கு அது சரி. பி.எஸ்.ஏ. என்று கேட்டால் கடைக்கார முதலாளிமார் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர், “மல்லி, அது என் அப்பா காலத்திலேயே முடிந்துபோச்சு” என்பார்கள். பிஸ்டன், வால்வு, கேஸ்கெற் மாதிரியானவை இங்கிலாந்திலிருந்து பார்சலில்தான். பெயாரிங், சீல், சங்கிலி போன்றவற்றை அளவு கொண்டுபோனால் பஞ்சிகாவத்தையிலேயே எடுக்கலாம், பெயர் கேட்காதீர்கள், வேர்ணியர் அளவைச் சொல்லுங்கள். டயர் சுகம். 19 அங்குல றிம், 3.25 அகலம், பழைய இந்திய என்ஃபீல்ட் புல்லட்டுக்கு வந்த அளவுதான்.

பெரிய தலையிடி நட்டும் போல்ட்டும். இந்த வண்டியில் பிளக்கைத் தவிர மெற்றிக் புரி ஒன்றுகூட இல்லை. அங்குலத்துக்கு 26 சுற்று என்கிற சைக்கிள் புரி பாதி, விற்வேத் என்கிற பழைய இங்கிலாந்து வகைப் புரி மீதி. 12ஆம் நம்பர் 13ஆம் நம்பர் ஸ்பனர் எதுவும் தலையில் சரியாக உட்காராது, உட்கார்ந்த மாதிரி இருந்து வழுக்கி மூலையை உருட்டிவிடும். முன்பு யார் யாரோ மெற்றிக் போல்ட்டைப் பலவந்தமாக ஏற்றிப் புரியைத் தின்ன வைத்திருந்தார்கள். விற்வேத் ஸ்பனர் செற் ஒன்று எனக்குக் கிடைத்தது மாமாவின் பழைய தொடர்பால், தேயிலைத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடமிருந்து. இங்கிலாந்திலிருந்து வந்த தேயிலை மெஷின்களும் அதே புரிதான். மலையகத்தில் சொந்தக்காரர் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

எண்ணெய் ஒழுக்கு பற்றிச் சொல்லாவிட்டால் பி.எஸ்.ஏ. பற்றிப் பேசியதாகாது. கிளச்சை மூடுகிற தகர மூடியைச் சின்னச் சின்ன ஸ்குரூ நிறையப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இறுக்க இறுக்கத் தகரம் ஸ்குரூவுக்கு ஸ்குரூ உட்குழிந்து நடுவில் இடைவெளி விடும், எண்ணெய் அங்கே வழியும். கண்ணாடி மேல் வைத்து மெதுவாகத் தட்டி விளிம்பை நேராக்கி, இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசி, விரல் பலத்துக்கு மேல் கொஞ்சம் மட்டும் இறுக்கினால் முக்கால்வாசி நிற்கும். மீதி கால்வாசிக்கு ஃப்ளாட்டின் கீழே வண்டி நிற்குமிடத்தில் ஒரு பழைய கேக் தட்டம் வைத்திருக்கிறேன், செக்கியூரிற்றி அண்ணரும் பழகிவிட்டார்.

எண்ணெய் டாங்கி தனியாக இருக்கிற எஞ்சின் இது. நாட்கணக்கில் நின்றால் டாங்கியிலிருந்து எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடியில் தேங்கிவிடும், ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் நுளம்புக்குப் புகை அடித்த மாதிரி இருக்கும். இதற்கு எண்ணெய்க் குழாயில் ஒரு திறப்பு வைக்கச் சொல்வார்கள். நான் வைக்கவில்லை. காலை அவசரத்தில் அதைத் திறக்க மறந்தால் எஞ்சின் எண்ணெயில்லாமல் இறுகிப்போகும். தினமும் ஓட்டினால் எண்ணெய் தேங்குவதற்கு நேரமே இல்லை. கிளச் தட்டு ஒட்டிக்கொள்வதும், டாங்கி துருப்பிடிப்பதும், கார்பரேட்டரில் பெற்றோல் காய்ந்து பிசினாவதும் அப்படித்தான், பாதி வியாதி வண்டி நிற்பதால் வருவது. நான் செய்தது ஒன்றுதான், திரும்பி டாங்கிக்கு வருகிற குழாயில் ஒரு பில்டர் வைத்தேன். 1953இல் பி.எஸ்.ஏ.காரர் வைத்தது கம்பி வலை மட்டும். ஒயில் 40 நம்பர், எங்கும் கிடைக்கும்.

பெற்றோலில் ஈயம் இல்லாதது பற்றிப் பயப்பட வேண்டாம். 2002இல் இங்கே ஈயப் பெற்றோல் நின்றபோது பழைய வண்டிக்காரர் எல்லாரும் வால்வு சீற் போய்விடும் என்று பதறினார்கள். 6.5க்கு 1 என்ற குறைந்த அமுக்கத்தில், மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் ஓடுகிற எஞ்சினுக்கு அந்தப் பயம் இல்லை. 92 ஒக்டேன் தாராளம்.

கார்பரேட்டரை மாற்றினேன், இதில்தான் மாமாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். பழைய அமல் கார்பரேட்டரில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு பொத்தானை அமுக்கிப் பெற்றோல் வழிய விட வேண்டும். வழிகிற பெற்றோல் எங்கே விழுகிறது தெரியுமா, நேர் கீழே மெக்னெட்டோவின் மேல். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அது பரவாயில்லை, தினமும் காலையும் மாலையும் ஃப்ளாட்டின் கார் பார்க்கில் செய்கிற காரியம் இல்லை. ஜப்பான் மிக்குனி கார்பரேட்டர் ஒன்றை, லேத் கடையில் கடைந்த அலுமினிய இணைப்போடு மாட்டியாயிற்று. சோக் லீவரைத் தூக்கி உதைத்தால் போதும். அதன் ஜெற்றுகள் பஞ்சிகாவத்தையில் கைநிறையக் கிடைக்கும். அமல் மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது மாமா, எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்.

மாற்றாமல் விட்டவையும் உண்டு. கியர் வலது காலில், பின் பிறேக் இடது காலில். இதைத் திருப்பிப் போட இணைப்புச் செய்து தருகிறேன் என்று இரண்டு மெக்கானிக் பாஸ்மார் கேட்டார்கள். வேண்டாம். ஜப்பான் வண்டியிலிருந்து மாறி ஏறும் நாளில் கால் குழம்பும்தான், ஆனால் தினமும் ஒரே வண்டியை ஓட்டுகிறவனுக்குக் குழப்பம் எங்கிருந்து வரும்? வண்டியை இரவல் கேட்கிறவர்களை விலக்க இதைவிட நல்ல பூட்டும் இல்லை. செல்ஃப் ஸ்டார்ட் தேவையில்லை, வால்வு லிஃப்டரைப் பிடித்து பிஸ்டனை மேல் முனையைக் கொஞ்சம் தாண்டவிட்டு நிதானமாக ஒரே உதை, பலம் வேண்டாம். சத்தமான சைலன்சர் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. மரைன் டிரைவ் வழியாகப் போனால் ட்ராபிக் குறைவு, காற்று நல்லது, ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் அலைத்துளி வண்டி முழுதும் படியும். குரோம் ஒரு பருவத்துக்குள் புள்ளி புள்ளியாக வரும். வாரத்துக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். பளபளப்பை எதிர்பார்க்கவில்லை. வயர் மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் வைத்திருக்கிறேன், அது முக்கியம்.

பொலிஸ் மறிப்பதுண்டு, பெரும்பாலும் வண்டியைப் பார்க்கத்தான். நம்பர் பிளேற்றைப் பார்த்துவிட்டு, ஸ்ரீ எங்கே என்று இளம் பொலிஸ்காரர் ஒருவர் கேட்டார். 1957இல் இலங்கை நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன்பு பதிந்த வண்டி, அதனால் ஆங்கில எழுத்துதான். அந்தச் சிங்கள ஸ்ரீயை அழிக்க நம் ஆட்கள் தார் வாளியும் தூரிகையுமாக றோட்டில் இறங்கிய காலத்தை மாமா இன்றைக்கும் கண்ணால் கண்டதுபோலச் சொல்வார். பொலிஸ்காரருக்கு நான் அதையெல்லாம் சொல்லவில்லை, பழைய நம்பர் சேர் என்றேன், சரி போங்கோ என்றார். ஆனால் புத்தகம் சரியாக இருக்க வேண்டும். எஞ்சின் நம்பர், சசி நம்பர், நிறம் மூன்றும் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறபடியே வண்டியில் இருக்க வேண்டும், ஆகவே நிறத்தை மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பெயின்ற் வாங்குவதற்கு முன்பு நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

மிச்சமிருப்பது கிளச். ட்ராபிக்கில் அரை மணி நேரம் பிடித்துப் பிடித்து விட்டால் தட்டுகள் சூடாகி இழுக்கத் தொடங்கும், நியூற்றல் பிடிபடாது. ட்ரையம்பின் நாலு ஸ்பிரிங் கிளச்சை இதில் பொருத்தலாம் என்று அண்ணை சொல்கிறார், புது வகை தட்டுகளோடு. கொழும்பில் யாரிடமாவது ஒன்று சும்மா கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள், விலை பேசலாம். சோளப்பொரி மாதிரித் தின்னப்பட்ட பல்லோடு இருப்பதை மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள், அதில் ஏற்கெனவே என்னிடம் இரண்டு இருக்கிறது.